நல்ல கண்ணுக்குக் கட்டு

உங்களுக்கெல்லாம் வெள்ளெழுத்து வந்துவிட்டதாமே. பள்ளிக்கூட குரூப்பில் ஒரு வாரமாக அதே புலம்பல்தான் ஓடுகிறது. போனைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்தால்தான் எழுத்து தெரிகிறதாம். ஊசியில் நூல் கோர்க்கப் பிள்ளைகளைக் கூப்பிட வேண்டியிருக்கிறதாம். வாருங்கள், நல்வரவு. நூல் கோர்க்க முடியாதவர்கள் சங்கத்தில் நான் சின்ன வயசிலிருந்தே இருக்கிறேன்.

இந்தப் புலம்பலுக்கு நடுவில் உங்களில் ஒருவர், யாரென்று சொல்ல மாட்டேன், ஒரு கேள்வி போட்டிருந்தீர்கள். "நம்ம கிளாஸ்ல ஒரு கண்ணுல பச்சைத் துணி கட்டிக்கிட்டு ஒருத்தி வருவாளே, அவ இப்ப எங்க?" அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள். அவள் குரூப்பில்தான் இருக்கிறாள். நான்தான் அவள். சிரித்ததற்குக் கோபம் இல்லை. ஏழு வயசில் வேறு யாராவது அப்படி வந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் அந்தத் துணி எந்தக் கண்ணில் இருந்தது என்று உங்களில் ஒருவருக்காவது ஞாபகம் இருக்கிறதா? முதலில் வலது கண்ணில் இருந்தது. பிறகு இடது கண்ணுக்கு மாறியது. அது எப்படி மாறியது என்பதைத்தான் எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளும். கண் வலித்தால் பாதியில் விட்டுவிடுங்கள்.

நான் பிறக்கும்போதே இடது இமை கீழே விழுந்திருந்தது. கடை ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு உள்ளே கணக்கு முடிப்பார்களே, அந்த மாதிரி. அப்பாவுக்கு இரண்டு இமைகளும் லேசாகத் தாழ்ந்திருக்கும். அவருடைய அப்பாவுக்கும் அப்படித்தானாம். அதனால் என் கண்ணைப் பார்த்து வீட்டில் யாரும் பதறவில்லை. "எங்க வம்சக் கண்ணுடா இது" என்று அப்பா எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டார். பெங்களூர் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த மனிதர். பிள்ளைக்குக் கொடுக்க சொத்து இல்லை, இமையைக் கொடுத்தார். அவருக்குத் தாழ்ந்தது ஒரு நூல் அளவு, எனக்கு விழுந்தது கண்பாப்பாவையே மறைத்துவிட்டது என்ற வித்தியாசம் யாருக்கும் உறைக்கவில்லை.

ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது போட்டோ எடுக்க ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போனார்கள். பவுடர் வாசனையும் சூடான விளக்கு வாசனையும் கலந்த சின்ன அறை. போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து, "பாப்பா, அந்தக் கண்ணையும் தொறம்மா" என்றார். நான் திறந்துதான் வைத்திருந்தேன். கடைசியில் அவரே பென்சிலால் தீட்டி அந்தக் கண்ணைத் திறந்துகொடுத்துவிட்டார். படத்தில் இரண்டு கண்ணும் பளிச்சென்று இருந்தன. அம்மா அதை அரிசி டப்பாவுக்கு மேலே சுவரில் மாட்டி வைத்தாள். இப்போது அந்தப் படம் இல்லை. இருந்திருந்தால் குரூப்பில் போட்டிருப்பேன்.

எனக்கு அப்போது ஒரு பழக்கம் இருந்தது. எதைப் பார்த்தாலும் புருவத்தை உயர்த்தி, மோவாயைத் தூக்கி, மூக்கு நுனி வழியாகப் பார்ப்பேன். டீச்சர் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார். "மகாராணி, தலையை இறக்குங்க" என்று ஸ்கேலால் மோவாயில் தட்டுவார். நீங்களும் என்னை மகாராணி என்றுதான் கூப்பிட்டீர்கள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்றால் வீட்டில் அத்தை.

அத்தை அப்பாவின் அக்கா. கன்டோன்மென்ட் பக்கம் ஒரு நர்சிங் ஹோமில் ஆயா வேலை. மாமா சின்ன வயசிலேயே போய்ச் சேர்ந்துவிட்டதால் தம்பி குடும்பமே தன் குடும்பம் என்று இருந்தவர். எங்கள் சொந்தத்தில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் முதலில் அத்தைக்குத்தான் ஆள் போகும். வரும்போதே டெட்டால் வாசனை அடிக்கும். ஸ்டெதாஸ்கோப் ஒன்றுதான் குறைச்சல். அந்த அத்தை என் உச்சந்தலையில் கை வைத்து அழுத்தி, "பொட்டப்புள்ள தலையக் குனிஞ்சு நடக்கணும்டி. வானத்தைப் பாத்துக்கிட்டு நடந்தா எவன் கட்டுவான்?" என்பார். அழுத்தி அழுத்தி, ஆறு வயசு முடிவதற்குள் என் தலை நேராகிவிட்டது. நல்ல வளர்ப்பு என்று எல்லோரும் மெச்சினார்கள்.

நான் மோவாயைத் தூக்கியது அந்த இடது கண் பார்ப்பதற்குப் பட்ட பாடு என்று முதலில் சொன்னது ஒரு டாக்டரம்மா. தொண்ணூற்றி ஒன்றில், நாம் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது, பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் கண் பார்த்தார்கள் இல்லையா, அப்போது வந்தவர். ஒல்லியாக, பெரிய கடிகாரம் கட்டியிருந்தார். கன்னடம்தான் அவருக்கு வீட்டு மொழி, தமிழைத் தட்டித் தடுமாறிப் பேசுவார். என் இமையைக் கட்டை விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, மறுநாள் அம்மாவைக் கூட்டிவரச் சொன்னார்.

"இவ தலையத் தூக்கிப் பாப்பாளா?" என்று கேட்டார்.

"முன்னெல்லாம் பாப்பாளுங்க டாக்டர். நாங்கதான் அடக்கி அடக்கிச் சரி பண்ணிட்டோம்" என்று அம்மா பெருமையாகச் சொன்னாள்.

டாக்டரம்மா என் இமையை மறுபடி தூக்கிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அம்மா, கண்ணுக்குப் பாக்கறதுன்னா படிக்கற மாதிரி. சின்ன வயசுலயே படிக்கணும். இந்தக் கண்ணு ஸ்கூலுக்கே போகல. இப்ப ஆபரேஷன் பண்ணித் தொறந்து, படிக்க வெச்சா, ஒம்பது வயசுக்குள்ள கொஞ்சம் படிச்சிடும். அப்புறம்னா ஆகல்ல."

அம்மாவுக்கு அது ஒன்றுதான் மனதில் தங்கியது. ஒன்பது வயசு. எனக்கு ஏழு நடந்துகொண்டிருந்தது.

வீட்டில் பெரிய சண்டை. அத்தைக்கு ஆபரேஷனே பிடிக்கவில்லை. நெற்றியில் தழும்பு விழுமாம். அது போதாதென்று தொடையிலிருந்து நார் மாதிரி ஒரு சவ்வை எடுத்து, அதை வைத்துத்தான் இமையைப் புருவத்தோடு தூக்கிக் கட்டுவார்களாம். "கண்ணுக்கு வைத்தியம்னு போயி தொடையில தையல் போட்டுக்கிட்டு வருவீங்களா? நாளைக்குக் கட்டிக்கப் போறவன்கிட்ட என்னன்னு சொல்றது?" என்று அத்தை கேட்டார். அப்பா வழக்கம்போல வாயில் கொழுக்கட்டை. அம்மா அதுவரை அத்தைக்கு எதிர்வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை. அன்றைக்கு, உருட்டிக்கொண்டிருந்த ஊதுவத்தியைப் பலகையில் வைத்துவிட்டு, கரி படிந்த கையோடு எழுந்து நின்றாள். "அண்ணி, எம் பொண்ணுக்குக் கண்ணு தெரியணும். மாப்பிள்ளை அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள். இந்தக் கதையில் அம்மா ஜெயித்த ஒரே இடம் இதுதான், அதனால் சொல்லி வைக்கிறேன்.

செப்டம்பர் கடைசியில் ஆபரேஷன் நடந்தது. மூக்கில் வைத்த ரப்பர் முகமூடி வாசனை இன்றும் பஸ் டயர் கடையைத் தாண்டும்போது வந்துபோகிறது. விழித்தபோது கண்ணில் ஒன்றும், தொடையில் ஒன்றுமாகக் கட்டு. அம்மா என் தலையைத் தடவவில்லை, தொடைக் கட்டைத்தான் தடவிக்கொண்டிருந்தாள். கட்டுப் பிரித்த அன்று கண்ணாடியைக் கொடுத்தார்கள். இடது கண் முழுசாகத் திறந்து, எதையோ கேட்டு ஆச்சரியப்பட்ட மாதிரி விழித்துக்கொண்டிருந்தது. ஸ்டுடியோக்காரர் தீட்டிய கண்ணுக்கு இது பரவாயில்லை என்று நினைத்தேன். ஒரு குறை, அது முழுசாக மூடாது. தூங்கும்போதும் ஒரு கீற்று திறந்தே இருக்கும். அது காய்ந்துவிடாமல் களிம்பு போட வேண்டும், தூசு படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னார்கள்.

பிறகு டாக்டரம்மா என்னை ஸ்டூலில் உட்கார வைத்து, என் வலது கண்ணைத் தன் உள்ளங்கையால் மூடினார். அறையே வெண்ணீறு கரைத்த தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. அவர் இருந்த இடத்தில் ஒரு வெள்ளை அசைவு மட்டும் இருந்தது.

"தெரியல" என்று அழுதேன்.

"தெரியாது. இப்ப தெரியாது. இந்தக் கண்ணு சோம்பேறி. நல்ல கண்ணு இருக்கற வரைக்கும் இது வேலை செய்யாது. அதனால நல்ல கண்ணுக்கு தினா லீவு. கட்டு போட்டு மூடிடணும். அப்ப இது வேற வழி இல்லாம வேலை கத்துக்கும். ஆயித்தா?"

"ஆயித்து" என்றேன். எனக்குப் புரிந்தது. ஏழு வயசுக்கு இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது. அம்மாவும் பக்கத்தில் நின்று கேட்டாள். அத்தை அந்த நேரத்தில் வராந்தாவில் அந்த ஆஸ்பத்திரி ஆயாவோடு சம்பள விவகாரம் பேசிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் அட்டையில் ஆங்கிலத்தில் எழுதி, டிசம்பர் நடுவில் மறுபடி வரச் சொன்னார்.

அத்தை கொண்டுவந்த ஆஸ்பத்திரிப் பச்சைத் துணியில் அம்மா கட்டுத் தைத்தாள். முதல் மூன்று வாரம் அது வலது கண்ணில்தான் இருந்தது. அந்த மூன்று வாரம் எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் எல்லோரும் குரல்களாக மட்டும் இருந்தீர்கள். போர்டு ஒரு கறுப்புச் சுவர். டிக்டேஷனில் சுழி. சாக்கடைப் பலகையில் கால் வைக்கப் போய் சாக்கடைக்குள்ளேயே வைத்தேன். சாப்பாட்டு டப்பாவை யாரோ மாற்றி வைத்துவிட்டுச் சிரித்தீர்கள், சிரிப்பை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டேன். டீச்சர் அம்மாவுக்கு ஒரு சீட்டு எழுதி அனுப்பினார். பிள்ளை எழுதவே மாட்டேன் என்கிறாள், கண்ணை மூடிக்கொண்டு பள்ளிக்கு அனுப்பினால் என்ன அர்த்தம் என்று.

ஆனால் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மூன்றாவது வாரத்தில், ஊதுவத்தி காயப்போட்ட சாக்கில் குச்சிகள் தனித்தனியாகத் தெரிந்தன. ஒரு மொத்தக் கறுப்பாக இருந்தது கோடு கோடாகப் பிரிந்தது. நான் அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. அது பெரிய விஷயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னம்மா இது? ஆபரேஷன் பண்ண கண்ணை இந்தக் கரித்தூளுக்கு நடுவுல தொறந்து போட்டுட்டு, நல்லா இருக்கற கண்ணை மூடி வெச்சிருக்கே?"

"டாக்டரம்மா அப்படித்தான் சொன்னாங்க அண்ணி."

"எந்த ஊருலயாவது புண்ணு ஒரு காலுல, கட்டு ஒரு காலுலன்னு பாத்திருக்கியா? எங்க நர்சிங் ஹோம்ல எத்தனை கண்ணு ஆபரேஷன் பாத்திருக்கேன் நானு. ஆபரேஷன் பண்ண கண்ணுக்குத்தான் பச்சைத் துணி. நாப்பது பேரைப் பாக்கற அவசரத்துல அந்தம்மா மாத்திச் சொல்லியிருக்கும், நீயும் மாத்திக் கேட்டிருப்பே. தூசு போயி சீழ் புடிச்சா கண்ணையே தோண்டி எடுத்துருவான், தெரியுமா?"

கடைசி வாக்கியத்தில் அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. எங்கள் வீடு ஒற்றை அறை. அதில்தான் அம்மா கரித்தூளும் மரத்தூளும் பிசைந்து ஊதுவத்தி உருட்டுவாள். தும்மினால் கறுப்பாக வரும் வீடு அது. தூசு படக்கூடாது என்று டாக்டரம்மாவும்தான் சொல்லியிருந்தார். அத்தை பார்த்ததெல்லாம் வயசானவர்களின் கண்புரை ஆபரேஷன். அங்கே அவர் சொன்னது சரிதான். பொய் சொல்லவில்லை, கெடுதல் நினைக்கவில்லை. எனக்கு இன்றுவரை எரிச்சல் அதுதான். கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

அத்தையே தன் கையால் கட்டை அவிழ்த்து இடது கண்ணுக்கு மாற்றினார். உலகம் திரும்பி வந்தது. சுவரில் என் போட்டோ, அம்மாவின் மூக்குத்தி, எல்லாம்.

"இப்ப நல்லா தெரியுதாடி?" என்று கேட்டார்.

"நல்லா தெரியுது அத்தை" என்றேன்.

"பாத்தியா?" என்றார் அம்மாவிடம்.

டிசம்பரில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கேட்டுவிடலாம் என்று அம்மா தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அந்த டிசம்பரை உங்களுக்கு நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை. காவிரித் தண்ணீருக்காக ஊர் பற்றி எரிந்தது, தமிழர் வீடுகளைத் தேடித் தேடி அடித்தார்கள். உங்களில் பாதிப் பேர் அட்டைப்பெட்டியில் துணியை அடைத்துக்கொண்டு ஊரை விட்டு ஓடியவர்கள்தான். அப்பா பீன்யாவில் தொழிற்சாலைக்குள்ளேயே மாட்டிக்கொண்டார். அத்தை எப்படியோ நடந்தே எங்கள் வீடு வந்து சேர்ந்தார்.

எங்கள் வீட்டு ஓனரம்மா கன்னடக்காரர். டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர், தனியாக இருந்தார். தெருமுனையில் சத்தம் கேட்டதுமே எங்கள் மூன்று பேரையும் இழுத்துத் தன் வீட்டுச் சாமான் அறையில் போட்டுக் கதவைச் சாத்தினார். வாசலில் ஆட்கள் வந்து கேட்டபோது, "இல்லி யாரூ இல்லப்பா, ஹோக்ரி" என்று அவர் அவர்களைப் போகச் சொன்ன குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. வந்தவர்கள் பின்பக்கம் போய் எங்கள் அறையைப் புரட்டினார்கள். ஊதுவத்திக் கட்டுகளைக் கொளுத்தினார்கள் போல, கோயிலுக்குள் உட்கார்ந்திருப்பது மாதிரி சந்தன வாசனை சுவர் வழியாக வந்தது. சுவரில் இருந்த என் போட்டோவும் அன்றைக்குத்தான் போனது.

இரண்டு நாள் அந்தச் சாமான் அறையில் இருந்தோம். ராகிக் களியும் சாறும் தட்டில் வரும். அம்மா ஓடிவரும்போது கையில் எடுத்து வந்தது ரேஷன் கார்டும் என் மஞ்சள் அட்டையும். இரண்டாம் நாள் ஓனரம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு அந்த அட்டையைப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"யம்மா, இதுல ரைட் கண்ணுக்குக் கட்டுன்னு எழுதியிருக்கு. நீங்க லெஃப்ட்ல கட்டியிருக்கீங்க. நல்ல கண்ணைத்தான் மூடணும். பகல் முழுக்க, தெளிவா எழுதியிருக்காங்க."

அம்மா அத்தையைப் பார்த்தாள். "அண்ணி, நானும் அப்படித்தான் கேட்டேன்..."

ஓனரம்மா தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார். "வெளிய அவங்க ஆளுங்க நம்மளைத் தேடிக்கிட்டு இருக்காங்க. இந்தம்மா சொல்றாங்கன்னு புள்ளையோட நல்ல கண்ணைக் கட்டுவியா? எழுதறவங்க தப்பா எழுத மாட்டாங்களா? அந்த டாக்டரும் அவங்க ஆளுதானே."

அத்தையின் மடியில் ஓனரம்மா கொடுத்த தட்டு இருந்தது. அதில் அவர் பிசைந்த களி இருந்தது. நான் இதையெல்லாம் என் நல்ல கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஓனரம்மா திரும்பி வந்தார். காதில் விழுந்ததோ இல்லையோ தெரியாது, முகத்தில் ஒன்றும் இல்லை. நேராக என்னெதிரே குந்தி உட்கார்ந்தார். என்னை அவர் புட்டி என்றுதான் கூப்பிடுவார், சின்னப் பெண்ணே என்று.

"புட்டி, நீ புத்திசாலி. நீ சொல்லு. டாக்டர் ஏனு ஹேளித்ரு? எந்தக் கண்ணை மூடச் சொன்னாங்க?"

மூன்று பெரியவர்களும் என்னையே பார்த்தார்கள். என் வாழ்க்கையில் அந்தக் கண்ணைப் பற்றி யாராவது என்னிடமே கேட்டது அந்த ஒரு தடவைதான். டாக்டரம்மாவின் உள்ளங்கைச் சூடு முதல் 'ஆயித்தா' வரை எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. அதோடு அந்த வெண்ணீற்றுத் தண்ணீரும் ஞாபகம் இருந்தது. மறுநாள் விடியற்காலை காய்கறி லாரியில் அத்திபெலே செக்போஸ்ட்டைத் தாண்டி ஓசூருக்குப் போகிறோம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நல்ல கண்ணை மூடிவிட்டால், எதிரே வருகிறவன் யார், அவன் கையில் என்ன இருக்கிறது, எனக்கு எப்படித் தெரியும்? அம்மாவின் கை விட்டுப்போனால் எந்தப் புடவையைத் தேடுவேன்?

"ஞாபகம் இல்ல ஆன்ட்டி" என்றேன்.

அத்தை பெருமூச்சு விட்டார். அம்மா என் தலையைத் தடவினாள். ஓனரம்மா மட்டும் சிறிது நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

அத்திபெலேயில் லாரியை நிறுத்திக் கேட்டார்கள். முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவிலிருந்து, தார்ப்பாயின் கிழிசல் வழியாக, நான் எல்லாவற்றையும் தெளிவாகப் பார்த்தேன். விட்டுவிட்டார்கள். ஓசூரில் அப்பாவின் சிநேகிதர் வீட்டில் பொங்கல் தாண்டும்வரை இருந்தோம். அப்பாவும் பிறகு அங்கே வந்து சேர்ந்தார். கட்டு இடது கண்ணிலேயே இருந்தது, துவைத்துத் துவைத்துப் பச்சை போய் அழுக்கு வெள்ளையாகிவிட்டது.

திரும்பி வந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மா இல்லை. மேல்படிப்புக்கு வேறு ஊர் போய்விட்டாராம். மஞ்சள் அட்டையை ஓசூரிலேயே தொலைத்திருந்தோம். கூட்டம் வேறு. ஒரு சின்ன டாக்டர் இமையைப் பார்த்து, தொடைத் தழும்பைப் பார்த்து, "சென்னாகிதே, நல்லா இருக்கு, ஆபரேஷன் சக்சஸ்" என்று சொல்லி அனுப்பினார். அம்மா ஏதோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அத்தை வெற்றிகரமாகச் சிரித்தார். உகாதி வரைக்கும் கட்டு போட்டுவிட்டு எடுத்துவிடலாம் என்று அவரே தேதியும் குறித்தார்.

அந்த வருஷமே வீடும் மாற்றினோம். நம்ம ஜனம் நிறைய இருக்கிற தெருவில் இருப்பதுதான் பத்திரம் என்று அத்தை சொன்னார். ஓனரம்மா அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எனக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் கொடுத்தார். அவருக்கு நன்றி சொன்னதாக ஞாபகம் இல்லை. அவரை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது, அதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

பிறகு எனக்கு எட்டு வயசானது, ஒன்பதானது. ஒன்பதாவது பிறந்தநாளுக்கு அப்பா பாதுஷா வாங்கி வந்தார். நான் வாசலுக்குப் போய் வலது கண்ணைக் கையால் மூடிப் பார்த்தேன். குச்சிகள் கோடு கோடாகப் பிரிந்ததே, அந்த அளவுகூட இல்லை. உள்ளே வந்து பாதுஷா தின்றேன்.

இரண்டாயிரத்தில் நான் பி.யு.சி. படிக்கும்போது தலைவலி வர ஆரம்பித்தது. அம்மா வேறு ஒரு கண் டாக்டரிடம் கூட்டிப் போனாள். தமிழ் பேசும் டாக்டர், அப்பா வயசு. வலது கண்ணை மூடிவிட்டு, "என்ன தெரியுது?" என்றார்.

"வெளிச்சம். உங்க கை ஆடறது."

"எத்தனை விரல்?"

"விரல் தெரியல சார்."

அம்மா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "கண்ணு நல்லாத்தானே தொறந்திருக்கு டாக்டர்! ஆபரேஷன் நல்லபடியா நடந்துச்சுன்னு சொன்னாங்களே!"

"ஆபரேஷன் ரொம்ப நல்லா நடந்திருக்கும்மா. ஜன்னலைத் தொறந்தாச்சு. பார்வைதான் வளரல. அப்புறம் நல்ல கண்ணைக் கட்டி வெச்சீங்களா இல்லையா?"

அம்மா நடந்ததைச் சொன்னாள். பாதியிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் முழுசாகச் சொல்லி முடித்தாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இப்பக் கட்டறேன் டாக்டர். ரெண்டு வருஷம், மூணு வருஷம் ஆனாலும் கட்டறேன். காலேஜை நிறுத்திடறேன்."

"நேரம் போயிடுச்சும்மா."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். என் துப்பட்டாவைச் சரிசெய்தபடி அம்மா, "நீ சின்னப் புள்ள. உனக்கு என்ன தெரியும்? உனக்கு ஞாபகம் இல்லைன்னுதானே சொன்னே" என்றாள்.

ஆமாம் என்று தலையாட்டியிருக்கலாம். அவள் கேட்டதே அதற்குத்தான். பதினாறு வயசில் எனக்கு அந்தக் கருணை இல்லை.

"ஞாபகம் இருந்துச்சும்மா. எல்லாம் ஞாபகம் இருந்துச்சு."

"அப்ப ஏன்டி சொல்லல?"

"பயமா இருந்துச்சு. உனக்கும்தான் ஞாபகம் இருந்துச்சு. நீ ஏன் சொல்லல?"

அம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்து நடந்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. பஸ் ஸ்டாப்புக்கு வந்த பிறகு, ரோட்டைப் பார்த்தபடி சொன்னாள். "அத்தைகிட்ட இதைச் சொல்லிடாத. வயசான காலம். தாங்க மாட்டாங்க."

நான் தாங்குவேனா என்று யாரும் கேட்கவில்லை. சரி என்றேன்.

அத்தை அதற்குப் பிறகும் பல வருஷம் நன்றாக இருந்தார். கல்யாணம், காதுகுத்து, எங்கே போனாலும் என்னைப் பிடித்து இழுத்து, மோவாயைத் தொட்டு நிமிர்த்தி, புதிதாக வந்தவர்களிடம் காட்டுவார். "பாத்தீங்களா, எப்படித் தொறந்திருக்கு? அந்தக் கலவரத்துலயும் எங் கையால கட்டு மாத்திக் கட்டி நான் காப்பாத்தின கண்ணு இது." எல்லோரும் அதிசயமாகப் பார்ப்பார்கள். நான் சிரிப்பேன். நல்ல சிரிப்பு, பயிற்சி இருந்தது. அத்தை நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார்.

அந்த மாதிரி நேரங்களிலெல்லாம் அம்மா சத்தம் போடாமல் வந்து என் இடது பக்கத்தில் நின்றுகொள்வாள். ரோட்டில் நடந்தாலும் அந்தப் பக்கம்தான், பந்தியில் உட்கார்ந்தாலும் அந்தப் பக்கம்தான். வண்டி வந்தால் எனக்குத் தெரியாதே என்று காவலுக்கு நிற்பதாகச் சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அப்படியும் இருக்கலாம். அந்தப் பக்கம் நின்றால் ஒரு புடவை அசைவுதான் எனக்குத் தெரியும், அவள் முகம் தெரியாது. அது அம்மாவுக்கும் தெரியும்.